குரல் கேட்டுப் பெயர் சொன்னவர்

இலண்டனில் ரெய்னர்ஸ் லேன் ரெயில் நிலையத்திற்குப் பின்புறத் தெருவில் எங்கள் வீடு. ஒரே தண்டவாளத்தில் இரண்டு வழித்தடங்களின் வண்டிகள் அங்கே மாறி மாறி வந்துபோகும். சமையலறை யன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து முருங்கைக்காய் நறுக்கியவாறே, "இது பிக்கடில்லி", "உது மெட்ரோபொலிட்டன்" என்று எங்கள் வீட்டில் தங்கியிருந்த பெண்மணி சொல்லிவிடுவார். என் மனைவி எட்டிப் பார்த்து உறுதி செய்வார். அவர் பிழைவிட்டதாக எனக்கு நினைவில்லை.

"எது வந்தால் என்ன பிள்ளை? எல்லாம் ரெயின்தானே" என்று மனைவி ஒருநாள் சொல்லிவிட்டார்.

"பொறுங்கோ அம்மா. ஒண்டிலை ஏறினால் பேக்கர் ஸ்ட்ரீட்டிலை இறங்குவியள். மற்றதிலை ஏறினால் ஆக்டனிலை நிண்டு அழுவியள்."

அந்தப் "பொறுங்கோ" அவருடைய முத்திரை. எல்லாம் ஒன்றுதானே என்று எவராவது பேச்சை எடுத்தால் வலக்கை மெல்ல உயரும். தலை இடப்பக்கம் சாயும். தொலைவில் ஏதோ ஒலிப்பதைக் கேட்பவர்போல் ஒரு கணம் நிற்பார். அதன்பிறகு ஒன்றாகத் தோன்றியது இரண்டாகும். மனைவியின் அரிசிப் பானையும் அதற்குத் தப்பவில்லை, நாட்டு அரசியலும் தப்பவில்லை. ஊரில் மறுபடியும் போர் மூண்ட நாட்களில், வானொலிச் செய்தியில் "பொதுமக்கள் சிலர்" என்று வந்தால் எழுந்துபோய் அதை நிறுத்திவிடுவார். "சிலர் எண்டு பேருள்ள ஆள் ஒருத்தரும் இல்லை, ஐயா" என்பார்.

இரண்டாயிரங்களின் நடுவே சில ஆண்டுகள் அவர் எங்கள் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். நாற்பதைக் கடந்த வயது. மெலிந்த உருவம். மணமாகாதவர். ஊரில் விலங்கியல் படித்து, ஜேர்மனிக்கு அகதியாய்ப் போய், அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பணியாற்றி, அந்நாட்டுக் கடவுச்சீட்டோடு இலண்டனுக்குப் பெயர்ந்தவர். அப்படிப் பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அக்காலத்தில் அநேகம். அவர்கள் கடை திறந்தார்கள், வீடு வாங்கினார்கள். இவரோ ஆபிரிக்கக் காடுகளில் இரவில் மட்டும் நடமாடும் ஒரு சின்னஞ்சிறு உயிரின் குரலைப் பிரித்தறிவதற்காக வந்திருந்தார்.

கலாகோ என்பது அதன் பெயர். ஆங்கிலேயர் செல்லமாகப் புஷ்பேபி என்பார்கள். குரங்கினத்தின் தூரத்து உறவு. சில வகைகள் உள்ளங்கையில் அடங்கும். பெரிய வகை பூனையளவு இருக்கும். முகத்தில் பாதியைக் கண்கள் எடுத்துக்கொள்ளும். காதுகளைத் தனித்தனியே மடித்து விரிக்கும். பின்னங்கால்களை உந்தி மரத்துக்கு மரம் பாயும். மேற்கே செனகலிலிருந்து கிழக்குக் கரைவரை, தெற்கே வறண்ட புதர்க்காடுகள்வரை, கண்டம் முழுவதும் அதன் இனங்கள் பரந்திருக்கின்றன. ஆனால் எத்தனை இனங்கள் என்பதுதான் வழக்கு. பழைய அறிஞர்கள் அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடந்த தோல்களை ஒப்பிட்டு, விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். பின்வந்தோர் காட்டுக்குள் போய்க் காதால் கேட்கத் தொடங்கியபோது விரல்கள் போதவில்லை.

"இருட்டிலை வாழுற ஆள் சட்டைநிறம் பாத்தே கலியாணம் கட்டுவார்?" என்று அவர் எனக்கு விளக்கினார். "குரலையும் மணத்தையும் வைச்சுத்தான் தங்கட ஆக்களைக் கண்டுபிடிக்கினம். நாங்கள்தான் தோலைப் பாத்து எல்லாரையும் ஒரு சாக்கிலை போட்டு வைச்சிருந்தனாங்கள்."

எங்கள் ஆட்களுக்கு இவ்விளக்கம் எட்டவில்லை. கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அவர்கள் தேவாங்கு என்று தீர்த்துவிட்டார்கள். கோயிலில் அவருக்குத் 'தேவாங்கு டொக்டர்' என்றே பெயர். பெயரைப் பொறுத்துக்கொண்டார், உயிரை மாற்றிச் சொல்வதைப் பொறுக்கவில்லை. "தேவாங்கு எங்கட நாட்டு ஆள். ஆறுதலாய் நடப்பார், பாயமாட்டார். இவை ஆபிரிக்காக்காரர், பாய்ச்சல்காரர். சொந்தக்காரர்தான், இல்லையெண்டேல்லை. உங்கட மச்சானை உங்கட பேரிலை கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பாப்பியளோ?"

செவன் கிங்ஸ் பகுதியிலிருந்து ஒரு வணிகர் லட்டுப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அவருடைய தந்தையாருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. தேவாங்கின் கண்ணீரை விட்டால் தெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தங்கச்சி, கொல்லவேண்டாம். சும்மா ரெண்டு துளி. உங்களிட்டை நிறைய நிக்குதாமே" என்றார்.

கை உயர்ந்தது. "அண்ணை, என்னட்டை நிக்கிறது தேவாங்கு இல்லை. தேவாங்கு எண்டாலும் அது மருந்து இல்லை. இந்த ரெண்டு துளிக் கதையாலைதான் எங்கட காடுகளிலை அது குறைஞ்சுகொண்டு போகுது. அப்பாவைக் கண் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நானும் வாறன்."

வணிகர் முகம் சிவந்தார். லட்டுப் பெட்டியை வைப்பதா எடுப்பதா என்று தடுமாறினார். ஆனால் தாம் சொன்னபடியே இவர் அடுத்த வாரம் அந்த முதியவரோடு மருத்துவமனைக்குப் போய், நாள் முழுதும் காத்திருந்து, மருத்துவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லிவிட்டு வந்தார். தந்தையார் நலமானாரா என்று நான் கேட்டதற்கு, "ஒரு கண் ஆகும். மற்றது ஆகாது" என்றார். ஆறுதலுக்காகக்கூட இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவருக்கு வராது.

அவர் பக்தர் அல்லர். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு வருவார். எங்கள் பதிகக் கூட்டம் பாடும்போது செருப்பு வைக்கும் தட்டுகளுக்கு அருகே சுவரில் சாய்ந்து நின்று கேட்பார். பலரும் பக்தியோடு கேட்பார்கள். இவர் கவனத்தோடு கேட்டார். எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பிரசாதம் வாங்கும்போது என்னிடம் சொன்னார்: "ஐயா, போன கிழமை பாடினதுக்கும் இண்டைக்குப் பாடினதுக்கும் சுரம் ஒண்டு மாதிரித்தான் கிடக்கு. ஆனால் நடை வேறை. இது போய் இளைப்பாறுற இடம் வேறை."

நான் அசந்துபோனேன். முந்திய வாரம் பாடிய பண் இந்தளம், அன்று சீகாமரம். இன்றைய வழக்கில் இரண்டையும் ஏறத்தாழ ஒரே சுரங்களில் பாடுகிறோம். பாடுவோரிலேயே பலர் வேறுபாடு அறியார். அன்றுமுதல் எனக்கு அவர்மேல் ஒரு தனி மதிப்பு வந்தது. அதோடு ஒரு வழக்கும் தொடங்கியது.

"பிள்ளை, நீர் பிரிச்சுக்கொண்டே போறீர். எங்கட சமயம் சேத்துக்கொண்டு போகுது. கடைசியிலை எல்லாம் ஒரே பொருள்தானே" என்றேன்.

"பொறுங்கோ ஐயா. அப்பிடியெண்டால் ஏன் இவ்வளவு பதிகம்? ஒண்டு காணுமே."

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு விடை கிடைத்தது. இறைவன் எங்கும் உளன் என்று பாடிவிட்டு நம் அடியார்கள் வீட்டிலே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கால்தேய ஊர் ஊராக நடந்தார்கள். ஒவ்வோர் ஊரிலும் அவ்வூரின் மரத்தை, அவ்வூரின் துறையை, அங்கே மேயும் நாரையை, அங்கே பூத்த கொன்றையைத் தனித்தனியே பாடினார்கள். ஓர் ஊரின் மரத்தை மற்றோர் ஊரில் நட்டுப் பாடியதில்லை. ஒன்றானவனை அணுகுவதற்கு அவர்கள் கண்ட வழி, பலவற்றை ஒன்றோடொன்று குழப்பாமல் போற்றுவது. இதை நான் அவரிடம் சொன்னபோது முகம் மலர்ந்து சிரித்தார்.

"அப்ப உங்கட அடியார்மாரும் பீல்ட் வேர்க் செய்த ஆக்கள்தான்!"

நகருக்கு வெளியே ஒரு விலங்குக் காட்சிச்சாலையில் அவருக்கு வாரம் இருமுறை பணி. ஒரு புதன்கிழமை என்னையும் மனைவியையும் அழைத்துப் போனார். இரவு விலங்குகளுக்கென்று அங்கே ஒரு மண்டபம். இரவெல்லாம் விளக்கெரித்து அவற்றுக்குப் பகலாக்கி, நம்முடைய பகலில் செம்மங்கலான ஒளியை மட்டும் விட்டு இரவாக்கியிருந்தார்கள். வெளியே பதினொரு மணி வெயில். உள்ளே கருவறை போன்ற இருள். கண் பழகியதும், கண்ணாடிக்கு அப்பால் ஒரு கிளையில் இரண்டு தீப்பொறிகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

அது தன் கைகளையும் கால்களையும் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டது.

"பாத்தியளோ ஐயா, உங்களை மாதிரி ஆசாரமான ஆள். கை கால் கழுவாமல் வெளிக்கிட மாட்டார்" என்றார்.

"எவ்வளவு சுத்தம்!" என்று மனைவி வியந்தார்.

"ஓம் அம்மா. எதாலை கழுவுறார் எண்டு மட்டும் கேக்காதேங்கோ."

மனைவி கேட்டார். தன் சிறுநீரால் என்று விடை வந்தது; கிளையில் பிடி வழுக்காமல் இருக்கவும் போன வழியில் தன் மணத்தை விட்டுச் செல்லவும் அவ்வாறு செய்யுமாம். மனைவி வீட்டுக்கு வரும்வரை என் கையைப் பிடிக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

கிழக்கு ஆபிரிக்காவின் கரையோரத்தில், கடலைப் பார்த்த ஒரு மலைச்சரிவில் சிறு காடு ஒன்று எஞ்சியிருந்தது. சுற்றிலும் மரமுந்திரிகைத் தோட்டங்களும் கரிசுடும் சூளைகளும். அக்காட்டைக் காப்பதற்கு அயலூர் மக்களையே காவலராக அமர்த்தியிருந்தது இலண்டனிலுள்ள ஓர் அறக்கட்டளை. அந்த ஆண்டு அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: அங்கிருக்கும் கலாகோ கரையோரமெங்கும் காணப்படும் சாதாரண வகைதான் என்றால், அக்காவலை எடுத்து வேறொரு காட்டுக்குக் கொடுத்துவிடுவது. காவல் போனால் மறுமழைக்கு முன்னே மரங்கள் கரியாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காவலர்கள் அந்திப்பொழுதில் பதிவுசெய்து அனுப்பிய ஒலிநாடாக்களை ஆராய்ந்து அறக்கட்டளைக்கு அறிக்கை எழுதும் பொறுப்பு அவருடையது. அவற்றில் இரண்டு குரல்கள் கேட்பதாக அவர் உறுதியாக நம்பினார். ஒன்று எங்குமுள்ள சாதாரண வகையின் குரல். மற்றது வேறெந்தக் காட்டின் பதிவிலும் இல்லாதது. அது உண்மையானால், அந்தச் சின்னக் காடுதான் அவ்வுயிருக்கு உலகம்.

"பரவலாய் இருக்குது எண்டு ஒரு சொல் இருக்கு ஐயா. அந்தச் சொல்லைப் போல ஆளைக் கொல்லுற ஆயுதம் வேறை இல்லை" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். "ரெண்டு பேரை ஒரு பேரிலை எழுதிவைச்சால், ஒருத்தர் முழுசாய் அழிஞ்சாலும் மற்றவரைக் காட்டி, இருக்கினம்தானே எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம்."

பதிவுகளில் மழையும் தவளையும் கலந்திருந்ததால் கணினித்திரையில் குரலுக்கு விழுந்த கோடுகள் தெளிவாக இல்லை. அவருடைய மேலாளர் ஒரு வேல்ஸ்காரர். நல்ல மனிதர். "நீங்கள் இரண்டைக் கேட்க விரும்புகிறீர்கள், அதனால் இரண்டு கேட்கிறது என்பார்கள். என்ன தேடுகிறீர்கள் என்று அறியாத, நல்ல காதுள்ளவர்களைக் கேட்கச் செய்யுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல காது என்றதும் இவருக்கு எங்கள் பதிகக் கூட்டம் நினைவுக்கு வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபின், கோயிலின் பின்மண்டபத்தில் கூடினோம். பொங்கல் மணம் இன்னும் அடங்கவில்லை. எங்களுக்கு எதையும் அவர் சொல்லவில்லை. "இதிலை கத்துறது எல்லாம் ஒரே வகையோ, வேறை வேறை வகையோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார். ஒலிப்பெட்டியை இயக்கிவிட்டு, தம் முகம் குறிப்புக் கொடுத்துவிடக்கூடாது என்று எங்களுக்கு முதுகைத் திருப்பிச் சுவரைப் பார்த்து அமர்ந்துகொண்டார்.

எங்கள் கூட்டத்துக்கு மிருதங்கம் வாசிக்கும் சிவலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. "என்ன பிள்ளை, தவளையோ?"

"சொல்ல மாட்டன் அண்ணை. கேளுங்கோ."

"கொக்கோ?"

"கேளுங்கோ எண்டுறன்."

"பேசாமல் கேளுங்கோவன்!" என்றார் என் மனைவி. "வீட்டிலை மனிசி சொல்லுறதைக் கேக்கிற மாதிரிக் கேட்டால் ஒண்டும் விளங்காது."

முதலில் மெல்லிய கூர்மையான குரல். ஓர் அசை, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று அடுக்கிக்கொண்டே ஏறி, உச்சியில் நின்று ஓய்ந்தது. அது ஓய்ந்த இடத்தில் மற்றொன்று தொடங்கியது: உலர்ந்த விதைகளைச் சுளகில் உருட்டுவதுபோல் ஒரே சீராக உருண்டு வந்து அடங்கியது. மறுபடியும் முதலது. மறுபடியும் இரண்டாவது. பதிவுக்குப் பதிவு அப்படியே.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களுக்கு ஐயமே இல்லை. எல்லோர் சார்பிலும் நானே சொன்னேன்: "ஒரே வகை."

சுவரைப் பார்த்திருந்த முதுகு அசையவில்லை. ஒலிப்பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ஆருக்காவது வேறை அபிப்பிராயம் இருக்கோ?" இல்லை என்றோம். "சரி ஐயா. பெரிய உதவி" என்று கூறி, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். பொங்கல் சாப்பிடாமல் போனார்.

மறுநாள் காலை சமையலறையில்தான் முழுக் கதையையும் எங்களிடம் சொன்னார்.

"ஐயா, ரெண்டு குரல் எண்டு கேட்டதோ?"

"கேட்டது. ஏன் கேக்காது? குரல் ரெண்டுதான்."

"பிறகு என்னெண்டு ஒரே வகை எண்டனீங்கள்?"

"ஒருத்தர் அடியெடுக்கிறார், மற்றவர் வாங்கிப் பாடுறார். ஒருத்தர் முடிக்குமட்டும் மற்றவர் பொறுத்து நிக்கிறார். ஒரே சபையிலை இருந்து பழகின ஆக்கள்தான் அப்பிடிப் பாடுவினம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, அத்தனை கவலைக்கும் நடுவில், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ஆயுசு முழுக்கக் கூட்டமாய்ப் பதிகம் பாடின காதுகளை நான் காட்டுக்குள்ளை கொண்டுபோய் விட்டிட்டன்! பிழை என்ரை ஐயா. ஒவ்வொரு குரலையும் தனியாய் வெட்டித் தந்திருக்கவேணும்."

"அப்ப வெட்டித் தாரும். இப்பவே சொல்லுறன்."

"ஏலாது. இனி உங்களுக்கு விசயம் தெரியும்."

நாங்கள் தவறாகக் கேட்டோம் என்று நான் இன்றும் கருதவில்லை. ஒருவர் முடிக்க ஒருவர் தொடங்குவது உறவு என்றே எங்களுக்குப் பழக்கம். காட்டில் அது இரு அயலார் ஒரே அந்தியைப் பங்கிட்டுக்கொள்வதாகவும் இருக்கலாம் என்பது எங்கள் பாட்டில் இல்லாத செய்தி.

அவர் பதிவுகளைத் தனித்தனிக் குரல்களாக வெட்டி மோர்டனுக்குக் கொண்டுபோனார். அங்கும் ஒரு பதிகக் கூட்டம் உண்டு. எங்களோடு அவர்களுக்குப் போட்டியும் உண்டு. அவர்கள் ஒருவர்கூட மாறாமல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஒன்று குருவி என்றும் மற்றது தவளை என்றும் சொன்னார்களாம். உயிர் எதுவென்பதில் முழுக்கப் பிழை. பிரிப்பில் அணுவளவும் பிழையில்லை.

இனிக் காடு பிழைத்தது என்றே நாங்கள் நினைத்தோம். அன்று மாலை மேலாளரோடு நீண்டநேரம் தொலைபேசியில் பேசிவிட்டு அவர் கீழே வந்தார். முகம் இறுகியிருந்தது.

"என்னவாம்?" என்றார் மனைவி.

"உங்கட கோயிலிலை கேட்டதை அறிக்கையிலை எழுதவேண்டாமாம். அது முறை பிழைச்ச சோதனைதானே, விட்டிட்டு மோர்டனை மட்டும் எழுதலாம் எண்டுறார்."

"அப்ப விடும் பிள்ளை. அவர் பெரியவர் சொல்லுறார். ஆர் வந்து பாக்கப் போகினம்?"

"நீங்கள் எல்லாரும் வரிசையாய் இருந்து கேட்டு ஒரே வகை எண்டு சொன்னீங்கள். அதை நான் எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது அம்மா?"

நான் குறுக்கிட்டேன். எனக்கும் அந்த உயிர்மேல் பற்று விழுந்திருந்தது. "எழுதினால் காவலை எடுத்துப்போடுவினமோ?"

"எடுக்கலாம்."

"எடுத்தால் காடு போயிடும்."

"ஓம் ஐயா. நான் மறைச்சு வைச்ச ஒண்டாலை நிக்கிற காடு, அது வெளியிலை வாற அண்டைக்கு விழும். அப்ப மற்றக் காடுகளுக்கு நான் சொன்னதையும் ஒருத்தரும் நம்பாயினம்."

அறிக்கையில் இரண்டும் ஏறின. எங்கள் தீர்ப்பு முதலில். அது ஏன் அப்படி அமைந்தது என்ற விளக்கம் அடுத்து. மோர்டன் தீர்ப்பு அதன் பின். மேலாளர் படித்துவிட்டுப் பெருமூச்சோடு கையெழுத்திட்டாராம்.

அறக்கட்டளை கூடும் நாள் காலை நான் தனியே கோயிலுக்குப் போய் அருச்சனைத் தட்டை நீட்டினேன். ஐயர் வழக்கப்படி கேட்டார்: "ஆற்றை பேருக்கு?"

"பேர் இன்னும் வைக்கேல்லை."

ஐயர் முகம் மலர்ந்தது. "பேரப்பிள்ளையோ? நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது, ஐயா. ஆபிரிக்காவிலை."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "சரி, சுவாமி பேருக்கே செய்யிறன்" என்று உள்ளே திரும்பினார். பெயரில்லாத உயிருக்காக அவன் பெயராலேயே மலர் விழுந்தது. அதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றியிருக்காது.

பிற்பகல் அறக்கட்டளைக் கூட்டத்திலிருந்து அவர் திரும்பி வந்தார். மனைவி இரசத்தைக் கையில் கொடுத்து, "என்ன சொன்னவை?" என்றார். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லத் தொடங்கினார். இடையில் புகுந்து முடிவைப் பிடுங்க மனைவி எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை.

எங்கள் தீர்ப்பைப் படித்த ஓர் உறுப்பினர், "காதுகள் இப்படி ஏமாறும் என்றால் இரண்டாவது தீர்ப்பை மட்டும் எப்படி நம்புவது?" என்று கேட்டிருக்கிறார். காதை மட்டும் நம்பவேண்டாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவ்வாறு கத்தும் உயிரையே பிடித்து, கையில் வைத்துப் பார்த்து, அளந்துவிட்டு விடவேண்டும். அதுவரை காவலை எடுக்கவேண்டாம். உறுப்பினர்கள் தமக்குள் நீண்டநேரம் பேசினார்களாம். முடிவில் ஓராண்டு தருவதாக ஒப்புக்கொண்டார்களாம்.

"அப்ப காடு நிக்கும்!" என்றேன்.

"ஒரு வருசம் நிக்கும்" என்று திருத்தினார். "அதுக்குள்ளை ஆள் போகவேணும். ஆர் போறது எண்டு கேட்டவை."

"நீர் என்ன செய்தனீர்?" என்றார் மனைவி. விடை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கவேண்டும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கையைத் தூக்கினன்."

"காய்ச்சல் வருமே பிள்ளை. பாம்பு கிடக்குமே. இஞ்சை இருக்கிற வேலை?"

"வேலையை விட்டாத்தான் போகலாம் அம்மா. காய்ச்சல் இஞ்சை ஹரோவிலையும் வருது."

மூன்று வாரத்தில் புறப்பட்டுவிட்டார். கட்டிலையும் புத்தகங்களையும் எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்றார். அறைக்கு எத்தனையோ பேர் கேட்டு வந்தார்கள். மனைவி ஒருவருக்கும் கொடுக்கவில்லை. "பிள்ளை வந்தால் எங்கை படுக்கிறது?" என்பார். செவ்வாய்தோறும் அந்த யன்னலைத் துடைப்பார்.

அவ்வாண்டு கோடையில், முற்றத்து ரோசாவுக்கு நான் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு வெயில் மாலை, தொலைபேசி வந்தது. அங்கே அந்தியாகிவிட்டது என்றார். இரைச்சலுக்குள்ளும் அவர் குரல் உறுதியாக இருந்தது.

"ஐயா, பிடிச்சம். மரத்திலை இருந்து உருட்டி உருட்டிக் கத்தின அதே ஆளை. கையிலை வைச்சுப் பாத்தன். மூக்கு வேறை. வால் போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி நுனியிலை விரிஞ்சு கிடக்கு. அளந்துபோட்டு விட்டம். அதே மரத்திலை ஏறி, திரும்ப அதே குரல்."

"வேறை இனந்தான்?"

"வேறைதான். இலண்டனுக்கும் படம் போயிட்டுது. இண்டைக்குப் பதில் வந்தது. காவல் நிக்கும் ஐயா. வருசக் கணக்கு இல்லாமல் நிக்கும்."

நான் ஐந்தெழுத்தை மட்டும் ஒருமுறை சொன்னேன். அதற்குள் மனைவி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்துக்கொண்டார்.

"சந்தோசம் பிள்ளை, நல்ல சந்தோசம். நல்லாய் மெலிஞ்சிருப்பீர். அப்ப எப்ப திரும்பி வாறீர்?"

அங்கிருந்து வந்த விடை எனக்கும் கேட்டது.

"அம்மா, பக்கத்து மலையிலை ஒண்டு கத்துது. அது இவரும் இல்லை, மற்றவரும் இல்லை."

மனைவி இன்னும் சிறிது பேசினார். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். நுளம்புவலை கட்டச் சொன்னார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அவ இனி வரமாட்டா" என்றார். "அறைக்கு ஆள் பாருங்கோ."

அன்று மாலையே, 'மேல்மாடி அறை வாடகைக்கு உண்டு' என்று நல்ல பெரிய எழுத்தில் எழுதி, தமிழ்க் கடையின் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்தேன்.